நினைவும் பொறுத்தலும்: ‘தொக்கேபி’ கொரியத் தொடரின் இறுதிப் பகுதி – ஒரு மொழியியல் நோக்கு

1.0 முன்னுரை

மறுபிறவிக் கதை தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய இரண்டிலும் முற்பிறப்புச் செய்தி கதைப்போக்கோடு பிணைந்து நிற்கிறது. எனவே பிறமொழியில் தோன்றிய மறுபிறவிக் கதை ஒன்றைத் தமிழில் பெயர்ப்பது எளிது என்ற எண்ணம் மொழிபெயர்ப்பாளருக்கு எழுவது இயல்பு. ஊழ், வினை, மறுமை, பழம்பிறப்பு எனச் சொற்கள் முன்னரே ஆயத்தமாக உள்ளன. ஆனால் அவ்வாறு ஆயத்தமாக இருக்கும் சொல்லே சில இடங்களில் மூலத்தின் பொருளைத் திரித்துவிடுகிறது. இக்கருத்தைத் தென்கொரியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் இறுதிப் பகுதியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

எடுத்துக்கொண்ட தொடர் சுருக்கமாகத் ‘தொக்கேபி’ என வழங்கப்பெறுவது. கிம் யூன்சுக் எழுத்தில், லீ யூங்பொக் இயக்கத்தில், ‘டிவிஎன்’ அலைவரிசையில் 2016 டிசம்பர் 2 முதல் 2017 ஜனவரி 21 வரை 16 பகுதிகளாக இது ஒளிபரப்பாயிற்று. இதன் முடிவைப் பலர் ‘விதி இணைத்த காதலர் மீண்டும் சேர்ந்தனர்’ எனச் சுருக்கி உரைப்பர். இச்சுருக்கம் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் கருத்து. முடிவு கூறுவது விதியின் வெற்றியை அன்று. இழைக்கப்பட்ட தீங்கை நினைவில் வைத்துக்கொண்டே பொறுப்பதை. இப்பொருள் நிகழ்ச்சிகளில் மட்டுமன்றி ஒட்டு, சுட்டு, விளி ஆகிய சிறு மொழிக்கூறுகளிலும் தங்கியுள்ளது. அவற்றைக் கைவிடும் மொழிபெயர்ப்பு கதையைக் காப்பாற்றி முடிவை இழந்துவிடும்.

கொரியத்தையும் தமிழையும் இணைத்துப் பேசும்போது ஒரு விளக்கம் தேவை. 1905ஆம் ஆண்டிலேயே ஹோமர் ஹல்பர்ட் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் வெளியிட்டார். அவ்விரண்டும் ஒரு குடும்பம் என்னும் கொள்கையை இன்றைய வரலாற்று மொழியியல் ஏற்பதில்லை. இக்கட்டுரை இன உறவைப் பற்றியதன்று. இரண்டும் ஒட்டுநிலை மொழிகள். இரண்டிலும் வினை இறுதியில் நிற்கும். இரண்டிலும் மரியாதை இலக்கணத்தில் இடம்பெறும். ஒப்புமை இந்த அளவில் நிற்கிறது. வேறுபாடு தொடங்கும் இடமே மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்படும் இடம்.

2.0 கதையும் முடிவும்

கொர்யோ அரசுக் காலத்தில் வெற்றிமேல் வெற்றி பெற்ற தளபதி கிம் ஷின். இளம் அரசன் வாங் யோ, பார்க் ஜூங்ஹன் என்னும் அரண்மனை அதிகாரியின் சூழ்ச்சிக்கு ஆட்பட்டுத் தளபதியையும், தன் அரசியும் தளபதியின் தங்கையுமான கிம் சன் என்பவளையும் கொல்விக்கிறான். தளபதி மார்பில் பாய்ந்த வாளோடு சாவில்லாத ‘தொக்கேபி’ ஆகி 939 ஆண்டுகள் வாழ்கிறான். அவ்வாளை உருவி அவனுக்கு முடிவு தரத்தக்கவள் அவனுடைய மணமகள் ஒருத்தியே. இக்காலத்தில் அவள் ஜி யூன்தாக் என்னும் பள்ளி மாணவி. தளபதியோடு ஒரே வீட்டில் தங்கும் மறுவுலகத் தூதன் தன் முற்பிறப்பை அறியாதவன். அவனே வாங் யோ. அவன் காதலிக்கும் கோழிக்கறி உணவகக்காரி சன்னி, மறுபிறவி எடுத்த கிம் சன்.

நான்கு பாத்திரங்களின் நிலையை நினைவு என்னும் ஒரே அளவுகோலால் வகுக்கலாம். தளபதிக்குத் தண்டனை, அனைத்தையும் நினைத்திருத்தல். தூதனுக்குத் தண்டனை, அனைத்தையும் மறந்திருத்தல். சன்னி மறந்தே பிறந்து, பின்னர் நினைவு பெறுகிறாள். யூன்தாக்கிற்கு இதுவே முதற்பிறவியாதலின் நினைக்கவோ மறக்கவோ முற்பிறப்பு இல்லை.

இறுதிப் பகுதியில் இந்நால்வரும் இடம் மாறுகின்றனர். தளபதிக்கும் யூன்தாக்கிற்கும் திருமணம் நடைபெறுகிறது. அதன்பின், சாலைச் சரிவில் ஓட்டுநரின்றி உருண்டுவரும் சரக்குந்து மழலைப்பள்ளிக் குழந்தைகளின் பேருந்தில் மோதாமலிருக்கத் தன் காரைக் குறுக்கே செலுத்தி அவள் இறக்கிறாள். தூதன் தரும் மறதித் தேநீரை அவள் அருந்த மறுக்கிறாள். திரும்பி வருவதாகக் கூறிச் செல்கிறாள். 30 ஆண்டுகளுக்குப் பின் தூதன் கைக்கு வரும் இறுதிப் பெயரட்டை சன்னியுடையது. அவர்கள் இருவரும் ஒன்றாக மறுவுலகு செல்கின்றனர். பின்னர் துப்பறியும் அதிகாரியாகவும் நடிகையாகவும் பிறந்து, பழையது அறியாமலே காதலராகின்றனர். நிறைவுக் காட்சியில், கனடாவின் கியூபெக் நகரக் குன்றில், பள்ளிச் சீருடையில் வரும் ஒருத்தி தளபதியைக் கண்டு, தன்னை யாரென்று தெரிகிறதா எனக் கேட்கிறாள். அவளே தன் முதலும் இறுதியுமான மணமகள் என அவன் விடை கூறுகிறான்.

3.0 தலைப்பின் இலக்கணம்

தொடரின் முழுப்பெயர் ‘ஸுல்ஸுல்ஹாகோ சல்லான்ஹாஷின் – தொக்கேபி’ என்பது. முதற்சொல் தனிமைத் துயரையும், அடுத்தது ஒளிமிக்க நிலையையும் குறிக்கும். இரண்டாம் சொல்லின் ஈற்றில் உள்ள ‘ஷின்’ ஆய்வுக்குரியது. இலக்கணப்படி இது இரண்டு உருபன்கள்: ‘-ஷி-’ என்னும் மரியாதை ஒட்டும், ‘-ன்’ என்னும் பெயரெச்ச விகுதியும். ஆனால் தலைப்பில் இவ்வசை கொரிய எழுத்தில் எழுதப்படாமல், கடவுள் என்னும் பொருளுடைய சீன எழுத்தால் எழுதப்பட்டுள்ளது. அச்சொல்லின் கொரிய ஒலிப்பும் ‘ஷின்’ என்பதே. நாயகன் பெயரும் அவ்வாறே ஒலிக்கிறது. ஓர் அசை மரியாதை ஒட்டாகவும் கடவுளாகவும் ஒரு மனிதன் பெயராகவும் ஒருங்கே நிற்கிறது.

உலகச் சந்தைக்கென வைக்கப்பட்ட ஆங்கிலப் பெயர் ‘தனித்த, மாபெரும் கடவுள்’ என்று பொருள்படும். மூன்றில் ஒன்றே அதில் எஞ்சியது. தமிழில் இச்சிக்கல் வேறு வடிவம் பெறுகிறது. தமிழ்ப் பெயரெச்சம் திணை, பால், எண், இடம் காட்டாது, மரியாதையும் காட்டாது. ‘வந்த மன்னன்’, ‘வந்த மன்னர்’ என்ற இரண்டிலும் ‘வந்த’ ஒன்றே. கொரியம் எச்சத்திலேயே வைக்கும் மரியாதையைத் தமிழ் பெயருக்கு நகர்த்தியாக வேண்டும். எனவே ‘தனித்த, ஒளிர்ந்த’ என எச்சமாக்காமல், ‘தனித்திருப்பவர், ஒளிர்பவர்’ என வினையாலணையும் பெயராக்குவது பொருத்தம். சிலேடை கிட்டாவிடினும் மரியாதை நிலைபெறும். யாரைக் குறிக்கிறது என்னும் ஐயமும் நிலைபெறும்.

அந்த ஐயம் இன்றியமையாதது. தனித்தும் ஒளிர்ந்தும் இருப்பவர் கடவுளா, தளபதியா என்ற வினாவுக்கு இறுதிப் பகுதிவரை விடையில்லை. முடிவில் மனைவியை இழந்து, காத்திருப்பவனாக எஞ்சும் தளபதி, தலைப்பின் இரு அடைகளையும் ஒருசேரப் பெறுகிறான். தலைப்பில் கடவுளை மட்டும் நிறுத்திவிட்டால் இந்நிறைவு புலப்படாது.

‘தொக்கேபி’ என்னும் சொல்லையும் இங்கே கருதலாம். கொரிய நாட்டார் வழக்கில் அது இறந்தவரின் ஆவியன்று. பழைய துடைப்பம் போன்ற புழங்குபொருள்களிலிருந்து உருவாகும் குறும்புத்தன்மையுடைய ஒன்று. இறந்த தளபதியைத் தொக்கேபி ஆக்கியது இத்தொடரின் படைப்பு மாற்றம். ‘பேய்’ என்னும் தமிழ்ச்சொல் செத்தவரின் ஆவியை நினைவூட்டுவதால், மூல ஆசிரியர் வலிந்து செய்த மாற்றத்தை இயல்பானதாக்கிவிடும். ‘பூதம்’ ஓரளவு பொருந்தும். மூலச்சொல்லையே ஆளுதல் இன்னும் நன்று.

4.0 இம்மை, மறுமை, ஊழ்

கொரியத்தில் இவ்வுலகு ‘இசுங்’, மறுவுலகு ‘ஜொசுங்’. இவை முறையே அண்மைச்சுட்டான ‘இ’, சேய்மைச்சுட்டான ‘ஜொ’ ஆகியவற்றோடு, பிறப்பு அல்லது வாழ்வு என்னும் பொருளுடைய சீனவழிச் சொல் சேர்ந்து திரிந்தவை. தமிழில் ‘இம்மை’ என்பதும் அண்மைச்சுட்டால் அமைந்தது. அதற்கு இணையாகச் சேய்மைச்சுட்டால் அமைந்த ‘அம்மை’ பழந்தமிழில் உண்டு. எனினும் வழக்கில் நிலைத்தது ‘மறுமை’. இம்மாற்றம் சிறிதன்று. ‘அம்மை’ எனின் அது வேறோர் இடம். ‘மறுமை’ எனின் அது அடுத்த முறை. கொரியச் சொல் இடத்தை நோக்குகிறது. தமிழ்ச்சொல் வரிசையை நோக்குகிறது.

இத்தொடரில் இறந்தவர் தேநீர் அறையிலிருந்து ஒரு கதவைக் கடந்து படியேறிச் செல்வர். காட்சியே இடப்பொருளில் அமைந்தது. ஆகவே தூதன் அழைத்துச் செல்லும் இடத்தை ‘மறுவுலகு’ என்றும், மீண்டும் பிறத்தலை ‘மறுபிறவி’ என்றும் வேறுபடுத்தி ஆள வேண்டும். இரண்டுக்கும் ‘மறுமை’ என்று எழுதினால், சன்னியும் தூதனும் கைகோத்துச் செல்லும் காட்சியும் அவர்கள் மீண்டும் பிறந்து சந்திக்கும் காட்சியும் ஒன்றாகிவிடும்.

இதனினும் சிக்கலானது ‘ஊழ்’. விதியைக் குறிக்கும் கொரியச் சொல் ‘உன்மியொங்’. இத்தொடரின் கடவுள் அதற்குத் தரும் விளக்கம், விதி என்பது தான் விடுக்கும் வினா, விடையைக் காண வேண்டியவர் மனிதர் என்பது. இறுதிப் பகுதி இதற்குச் சான்றாக அமைகிறது. யூன்தாக்கின் சாவு முன்கூட்டியே பெயரட்டையில் வரவில்லை. பிறருக்காகத் தன்னைக் கொடுத்தல் கடவுளின் கணக்கிற்கும் அப்பாற்பட்டது எனத் தொடர் வெளிப்படையாகவே கூறுகிறது. அவள் விதியால் இறக்கவில்லை. விதியை மீறி இறந்தாள்.

இங்குத் தமிழ்ச்சொல்லின் கனம் இடையூறாகிறது. சிலப்பதிகாரத்தில் ஊழ்வினை விடாது தொடர்ந்து பயனூட்டுவது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம், முற்பிறப்பில் பரதன் என்னும் பெயருடையவனாய் இருந்த கோவலன் சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்ததையும், அவன் மனைவி நீலியின் சாபத்தையும் எடுத்துரைக்கிறது. அங்கு முற்பிறப்பு, நிகழ்ந்துவிட்ட துன்பத்தைப் பின்னோக்கி விளக்குகிறது. தொக்கேபியில் முற்பிறப்பு எதையும் விளக்கி முடிப்பதில்லை. தீர்க்க வேண்டிய கடனை முன்னோக்கிக் கொடுக்கிறது. ‘ஊழ்’ என்று எழுதிய உடனே தமிழ் வாசகர் விளக்கத்தை எதிர்பார்ப்பர். தொடரோ விடையை எதிர்பார்க்கிறது. திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழைப் பேசுகிறது. 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையின் இறுதிக் குறள், தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்கிறது. தொடரின் நிலைப்பாடு இரண்டாவதற்கு அணித்து. ஆதலின் ‘விதி’ என்னும் பொதுச்சொல்லே இங்குப் போதும், ‘ஊழ்’ மிகை.

மணிமேகலையோடு ஒப்பிடுதலும் பயனுடையது. கி.பி. 372இல் கொரியத் தீபகற்பத்தின் கொகுர்யோ அரசில் பௌத்தம் ஏற்கப்பட்டது. வினை, பிறப்பு பற்றிய கொரியச் சொற்களிற் பல அச்சமயம் சீனம் வழியாகக் கொணர்ந்தவை. தமிழின் பௌத்தக் காப்பியமும் நினைவையே மையமாக்குகிறது. மணிபல்லவத்தில் பாதபீடிகையைக் கண்ட மணிமேகலை, முற்பிறப்பில் தான் இலக்குமி என்பதையும் உதயகுமரன் தன் கணவன் இராகுலன் என்பதையும் அறிகிறாள், உதயகுமரன் அறியான். நினைவு அவளுக்குப் பற்றை அறுக்கத் துணையாகிறது. தொக்கேபியின் முடிவில் நினைவு பற்றைப் புதுப்பிக்கிறது. சொற்களின் மூலம் ஒன்றாயினும் நோக்கம் எதிரெதிர். ‘பழம்பிறப்புணர்தல்’ என்னும் மணிமேகலைத் தொடரை ஆளும் மொழிபெயர்ப்பாளர் அதன் துறவு நாற்றத்தையும் உடன்கொண்டு வருகிறார் என்பதை மனங்கொள்ள வேண்டும்.

அலுவலக மொழி பற்றியும் ஒரு குறிப்பு. யூன்தாக் தாயின் வயிற்றிலேயே இறந்திருக்க வேண்டியவள். தொக்கேபியால் உயிர் பெற்றவள். தூதர்களின் ஏட்டில் அவளுக்குரிய பெயர் ‘கிதா நுராக்ஜா’. ‘பிற’, ‘விடுபாடு’, ‘ஆள்’ என்னும் மூன்று சீனவழிச் சொற்கள் சேர்ந்த வறண்ட கோப்புச்சொல் இது. ‘ஊழ் தப்பியவள்’ என்று இதைக் கவித்துவமாக்குதல் தவறு. ‘இதர விடுபட்டோர்’ என நம் அலுவலகப் பட்டியல்களில் காணும் தொடரே நேர்ப்பெயர்ப்பு. மறுவுலகு ஓர் அலுவலகம், அதன் ஏடும் பிழைபடும் என்னும் நகைச்சுவை, இறுதியில் அவள் பெயர் முன்னறிவிப்பின்றி வரும்போது துயரமாக மாறுகிறது.

5.0 மன்னித்தலும் பொறுத்தலும்

தமிழில் ‘மன்னிக்கவும்’ என்னும் ஒரு சொல்லால் பெயர்க்கப்படும் கொரியச் சொற்கள் பல. ‘மியான்ஹாதா’ என்பதன் சீன மூலம் ‘அமைதியின்மை’. ‘ஜ்வேசொங்ஹாதா’ என்பதன் மூலம் ‘குற்றத்தால் அஞ்சுதல்’. முன்னதை ஒத்தாரிடமும் இளையாரிடமும், பின்னதை மூத்தாரிடமும் கூறுவர். ‘சாக்வாஹாதா’ தவற்றை ஒப்பி வருத்தம் தெரிவித்தல். ‘யொங்சொஹாதா’ ஒன்றே மன்னித்தல் என்னும் செயல்.

முதலிரண்டும் கொரிய இலக்கணத்தில் உரிச்சொல் வகையின. அவை பேசுபவனின் மனநிலையைத் தெரிவிப்பவை. அவற்றுக்கு ஏவல் வடிவம் இல்லை. கேட்பவரிடம் எதையும் வேண்டுவதில்லை. தமிழின் ‘மன்னித்துவிடு’ என்பதோ ஏவல். கேட்பவரைச் செயலுக்கு அழைப்பது. ஆகவே கொரியத்தில் ‘என் மனம் ஆறவில்லை’ என்று மட்டும் கூறி நிற்கும் குற்றவாளி, தமிழில் ‘எனக்கு மன்னிப்புத் தா’ என்று கேட்பவனாகிவிடுகிறான். பேச்சுச்செயல் முற்றிலும் மாறுபடுகிறது. தீங்கு செய்தவன் மன்னிப்பை உரிமையாகக் கேட்கலாமா என்பதே கதையின் அறச்சிக்கலாக இருக்கும்போது, இம்மாற்றம் பொறுக்கத்தக்கதன்று. ‘தவறிழைத்துவிட்டேன்’, ‘மனம் ஆறவில்லை’ முதலிய தன்மைக் கூற்றுகள் அங்குப் பொருந்தும்.

இத்தொடர் மன்னிப்பைச் சொல்லில் வைக்கவில்லை. சன்னி முற்பிறப்பு நினைவைப் பெற்றதும் தூதனைத் தழுவிக்கொள்ளவில்லை, பழிவாங்கவுமில்லை. இந்தப் பிறவியில் அவனைக் காண்பதில்லை என முடிவு செய்கிறாள். அவள் விதிக்கும் தண்டனை அதுவே. தண்டனைக்குக் காலவரையறை உண்டு என்பதில்தான் மன்னிப்பு ஒளிந்திருக்கிறது. ‘இந்தப் பிறவியில்’ என்று வரையறுத்ததனால் அடுத்த பிறவி திறந்திருக்கிறது. இவ்வாறு வேறுபடுத்திக் கூறக் கொரியம் ‘-நுன்’ என்னும் ஒட்டைப் பயன்படுத்தும். ‘இதைப் பொறுத்தவரை இப்படி, மற்றதற்கு வேறு’ என்னும் குறிப்பை அது தரும்.

தமிழ் வாசகருக்கு இக்குறிப்புப்பொருள் அயலன்று. புலவி நுணுக்கம் அதிகாரத்தின் 1315ஆம் குறளில், இம்மையில் பிரியோம் என்று கூறிய தலைவனைக் கேட்டுத் தலைவி அழுகிறாள். மறுமையில் பிரிவோம் என்று அவள் பொருள் கொண்டதே காரணம். சன்னியின் முடிவு இதன் மறுதலை. குறளில் சேர்க்கையைக் கூறிய சொல்லிலிருந்து பிரிவு பெறப்படுகிறது. தொடரில் பிரிவைக் கூறிய சொல்லிலிருந்து சேர்க்கை பெறப்படுகிறது. இரண்டிலும் கூறாத பிறவியே கூற்றின் உயிர். இதனைத் தமிழில் ‘இந்தப் பிறவியில் மட்டும் உங்களைப் பார்க்கமாட்டேன்’ என்னும் வகையில் அமைக்கலாம். ‘மட்டும்’ என்பதை நீக்கினால் எஞ்சுவது வெறும் நிராகரிப்பு. ஓர் இடைச்சொல்லின் இழப்பு ஒரு மன்னிப்பின் இழப்பாகும்.

மறதி பற்றியும் இங்கு நோக்க வேண்டும். பொறையுடைமை அதிகாரத்தின் இரண்டாம் குறள், பிறர் செய்த மிகையைப் பொறுப்பது நன்று, மறப்பது அதனினும் நன்று என வரிசைப்படுத்துகிறது. தொடரின் தூதனும் மறதியைக் கடவுளின் பரிவு எனக் கருதியே தேநீர் தருகிறான். சீன நாட்டார் மரபில் மெங்போ தரும் மறதிக் கஞ்சியை இத்தேநீர் நினைவூட்டும். ஆயின் முடிவு இவ்வரிசையை வினாவுக்குள்ளாக்குகிறது. குறள் கூறும் மறதி தீங்கு பெற்றவனுடையது. தொடரில் மறந்தவன் தீங்கு செய்தவன். ‘மறத்தல்’ என்னும் வினை எழுவாயைப் பொறுத்து அறமாகவும் அறமின்மையாகவும் மாறுகிறது. வாங் யோ நினைவைத் திரும்பப் பெற்று, அந்நினைவோடு ஒரு வாழ்நாள் அளவு காத்திருந்த பின்னரே மறுபிறவிக்கு உரியவனாகிறான். தளபதியோ எதையும் மறக்காதவன். எனினும் தன்னைக் கொல்வித்தவனோடு ஒரே வீட்டில் மீண்டும் வாழ்கிறான். அவனது மன்னிப்பு அறிவிப்பன்று, உடன்வாழ்தல்.

இவ்விடத்தில் தமிழ் மூலத்தினும் வளமுடையதாக நிற்கிறது. ‘பொறு’ என்னும் வினைக்குச் சுமத்தல், தாங்குதல், காத்திருத்தல், பிழையைக் கடிந்துகொள்ளாது விடுதல் ஆகிய பொருள்கள் ஒருங்கே உள்ளன. கொரியத்தில் இவற்றுக்குத் தனித்தனி வினைகள் உண்டு. ‘சற்றுப் பொறு’ என்பதும் ‘பிழை பொறு’ என்பதும் தமிழில் ஒரே வினை. ‘பொறுப்பு’ என்னும் பெயரும் அதனடியாகப் பிறந்ததே. தளபதியும் தூதனும் சன்னியும் இறுதியில் செய்வது இவை அனைத்தும்: சுமக்கின்றனர், காத்திருக்கின்றனர், கடிந்துகொள்ளாது விடுகின்றனர். மூலத்தில் மூன்று சொற்களில் சிதறிக் கிடப்பதைத் தமிழ் ஒரு சொல்லில் தொகுக்கவல்லது. ‘மன்னித்தல்’ என்பதற்குப் பதில் ‘பொறுத்தல்’ என்பதை இறுதிப் பகுதியின் முதன்மைச் சொல்லாகக் கொள்ளுதல் தகும்.

6.0 விளிச்சொல்லும் அடையாளமும்

யூன்தாக் தளபதியைத் தொடக்கம் முதலே ‘அஜொஷி’ என விளிக்கிறாள். பெற்றோர் தலைமுறை ஆண் உறவினரைக் குறித்த இச்சொல் இன்று அறிமுகமற்ற நடுவயது ஆடவரையும் அழைக்கும் பொதுவிளி. நிறைவுக் காட்சியிலும் அவள் இதே சொல்லால் அழைக்கிறாள். புதிய பிறவியில் பழைய பெயர் அவளுக்கு இல்லை. பெயர் மாறிய பின்னும் மாறாதிருப்பது விளி ஒன்றே. அதனால் அது அழைப்பாக மட்டுமன்றி, தேநீரை அவள் அருந்தவில்லை என்பதற்கு மொழிவழிச் சான்றாகவும் ஆகிறது.

இதைத் தமிழாக்குவது கடினம். திராவிட உறவுமுறையில் தந்தை தலைமுறை ஆடவர் இரு கூறாகப் பிரிவர். ‘சித்தப்பா’, ‘பெரியப்பா’ தந்தை நிலையினர். அவர்வழி மணவுறவு இல்லை. ‘மாமா’ மணவுறவுக்கு உரிய பக்கம். பல சமூகங்களில் மனைவி கணவனை விளிக்கும் சொல்லும் அதுவே. கொரியச் சொல் இப்பிரிவை அறியாதது. தமிழில் ‘சித்தப்பா’ என்றால் திருமணம் முறைகேடாகிவிடும். ‘மாமா’ என்றால் முதற்பகுதியிலேயே திருமணம் அறிவிக்கப்பட்டுவிடும். பழக்கத்தால் வளரும் காதல் உறவுமுறையால் விதிக்கப்பட்டதாகிவிடும். ‘அண்ணா’ உடன்பிறப்பாக்கும். ‘சார்’ நெருக்கத்தைத் துண்டிக்கும். தமிழ் உறவுச்சொல் எதுவும் நடுநிலையில் நிற்காது.

சன்னியின் விளியும் நோக்கத்தக்கது. நினைவு வந்தபின் அவள் தளபதியை ‘ஒராபொனி’ என்கிறாள். பெண் தன் தமையனை அழைக்கும் மதிப்பான, பழைமை சார்ந்த சொல் அது. இன்றைய பேச்சு வடிவமான ‘ஒப்பா’ தமையனுக்கும் காதலனுக்கும் பொது. பழஞ்சொல்லைத் தெரிந்தெடுத்ததன் மூலம் அவள் நூற்றாண்டுகளைக் கடக்கிறாள். இங்குத் தமிழில் ‘அண்ணா’ என்பதே போதும். அது காதலனைக் குறிக்காது. ஒரு மொழியில் சொல்தேர்வால் காட்டப்படுவது இன்னொரு மொழியில் அமைப்பாலேயே கிட்டுகிறது.

‘அஜொஷி’ என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுதலே நன்று. 2010களிலிருந்து கொரியத் தொடர்கள் தமிழ்க் குரலோடும் வந்துள்ளமையால் இச்சொல் பலருக்குப் பழக்கமானது. எதைத் தேர்ந்தாலும் ஒரு விதி தவறக்கூடாது: முதல் விளியும் இறுதி விளியும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பல கைகளில் பகுதிபகுதியாகப் பெயர்க்கப்படும் தொடர்களில் முதலில் சிதைவது இவ்வொருமையே.

7.0 முடிவின் நிறையும் குறையும்

இம்முடிவு குறையற்றது எனக் கூற இயலாது. யூன்தாக்கின் கதை பள்ளி மாணவியாகத் தொடங்கிற்று. ஆண்டுகள் பல கடந்து, தனக்கெனத் தொழிலும் வாழ்வும் அமைந்த பெண்ணாக வளர்ந்த பின்னரே திருமணம் நிகழ்கிறது. அவ்வளர்ச்சி தொடரின் சிறந்த பகுதி. நிறைவுக் காட்சியோ அவளை மீண்டும் சீருடைக்குத் திருப்புகிறது. தேநீரை மறுத்தமையால் அவள் உள்ளத்தால் முதிர்ந்தவள் என்பது ஆசிரியரின் அடிக்கருத்து. நினைவு இல்லையேல் அக்காட்சியை ஏற்கவே இயலாது. நினைவு இருந்தும் உடலின் இளமை உறுத்தலாகவே எஞ்சுகிறது. தொடக்கத்தோடு முடிவை ஒக்கச் செய்யும் விருப்பம், அவள் பெற்ற வளர்ச்சியைக் காட்சியளவில் அழித்துவிடுகிறது.

இரண்டாவது குறை, துப்பறியும் அதிகாரியும் நடிகையுமாகப் பிறந்தவர்களின் இன்பநிலை விரைந்து முடிவது. கடன் தீர்ந்தது, நினைவும் தேவையில்லை என்பது அதன் தருக்கம். இது பொருந்தும். ஆயினும் அவர்களைக் கண்டு நிற்கும் தளபதியின் பார்வையே அக்காட்சிக்குப் பொருள் தருகிறது. மன்னிக்கப்பட்டவர் மறந்துவிட்டனர், பொறுத்தவன் மட்டும் நினைத்திருக்கிறான். இதனைத் தொடர் இன்னும் சற்று நின்று நோக்கியிருக்கலாம்.

நிறைகள் இவற்றினும் மிகுதி. மறுபிறவியைத் தீங்கிற்கான ஆறுதலாக மட்டும் ஆளாமல், தீங்கிழைத்தவன் கடக்க வேண்டிய தொலைவாகவும் இது ஆள்கிறது. பாதிக்கப்பட்டவளிடமே தண்டனையின் அளவை ஒப்படைக்கிறது. கடவுளின் ஏட்டில் இல்லாத ஒரு செயலை மனிதப் பெண்ணிடம் வைக்கிறது. காதல் கதையின் முடிவில் அறத்தைப் பேச இடம் உண்டு என்பதை வெகுமக்கள் ஊடகத்தில் காட்டியமை போற்றத்தக்கது.

8.0 முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு.

1. தலைப்பின் மரியாதை ஒட்டைத் தமிழில் வினையாலணையும் பெயரால் ஈடுசெய்யலாம். கடவுளா மனிதனா என்னும் ஐயத்தைத் தீர்த்துவிடலாகாது.

2. மறுவுலகையும் மறுபிறவியையும் தனித்தனிச் சொற்களால் குறிக்க வேண்டும். ‘ஊழ்’ என்னும் சொல் இம்முடிவின் கருத்துக்கு மாறானது.

3. மனநிலை கூறும் வருத்தச் சொற்களை ஏவலாகப் பெயர்த்தல், குற்றவாளியை மன்னிப்புக் கோருபவனாக்கிவிடும். ‘பொறுத்தல்’ என்பதே முடிவின் பொருளை முழுமையாகத் தாங்கும் தமிழ்ச்சொல்.

4. சன்னியின் கூற்றில் ‘மட்டும்’ போன்ற வரையறைச் சொல்லும், யூன்தாக்கின் விளியில் ஒருமையும் கட்டாயம் பேணப்பட வேண்டும்.

ஆங்கிலத் துணையுரையை இடைமொழியாகக் கொண்டு பெயர்க்கும்போது இந்நான்கும் முதலில் உதிர்வன. மரியாதை ஒட்டும் வேறுபாட்டு ஒட்டும் உறவுவிளியும் ஆங்கிலத்தில் இல்லாதவை அல்லது வலுவற்றவை. தமிழிலோ அவற்றுக்கு இணையானவை உள்ளன. இரண்டு மொழிகளிலும் இருப்பது, இடையில் நிற்கும் மூன்றாம் மொழியில் இல்லாமையால் தொலைந்துபோகிறது. கொரியத்திலிருந்து நேரே தமிழுக்குப் பெயர்க்கத்தக்கவர்களை உருவாக்குதல் இதனாலேயே தேவையாகிறது. அதுவரை, ஆயத்தமாகக் கிடைக்கும் சொல்லை எடுக்குமுன் மொழிபெயர்ப்பாளர் சற்றுப் பொறுத்தல் நலம்.